வரைபடத்தில் வச்சலா

ராட்டர்டாம்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீயும் மாமாவும் நன்றாக இருக்கிறீர்களா? அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்ததா? இங்கே குளிர் காதைப் பிய்க்கிறது. நீ கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாட்டை இரண்டாம் நாளே பொரித்தேன். விடுதியில் புகை மணி அடித்து, பதினோரு நாட்டுக்காரர்களும் கோட்டு மாட்டிக்கொண்டு ரோட்டில் நின்றார்கள். அதோடு கருவாடு பெட்டிக்குள் போய்விட்டது.

போனில் பேசினால் நமக்கு மூன்றாவது நிமிடம் சண்டை வருகிறது. விமான நிலையத்தில் வைத்துக்கூட வந்தது. அதனால் நீ சொன்னபடியே கடிதம். தாளில் எழுதி, போட்டோ பிடித்து அனுப்பிக்கொள்ளலாம். அம்மாவுக்குப் படித்துக் காட்டவும் வசதி.

பயிற்சி ஆறு மாதம். துறைமுகம் நடத்துகிறவர்களுக்கான படிப்பு. நான் வேலை பார்க்கும் கம்பெனிதான் செலவு செய்கிறது. எந்தக் கப்பலை முதலில் உள்ளே விடுவது, பெட்டிகளை எப்படி அடுக்குவது, விபத்து நடந்தால் யார் எங்கே ஓடுவது, எல்லாம் சொல்லித் தருகிறார்கள். பதிலுக்கு நாங்கள் எங்கள் கடலைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்கு அறிவுப் பரிமாற்றம் என்று பெயர். ஆளுக்கு ஒரு கரையை எடுத்துக்கொண்டு அதற்கு ஒரு திட்டம் போட்டுக் காட்ட வேண்டும். நான் நம்ம சின்னமேட்டுக்குப்பத்துக் கரையை எடுத்திருக்கிறேன். நன்றாக வந்தால் திரும்பியதும் மேனேஜர் பதவி என்று எங்கள் பொதுமேலாளர் திருவேங்கடம் சார் சொல்லியிருக்கிறார். குப்பத்துப் பையன் முப்பத்திரண்டு வயதில் மேனேஜர். நினைத்தால் உட்கார முடியவில்லை அக்கா, அறைக்குள்ளேயே நடக்கிறேன்.

மாமாவிடம் கேட்டுச் சொல். குப்பத்துக்குத் தெற்கே கடலடியில் எங்கே பாறை, எங்கே சேறு? எந்த மாதம் மணல் எந்தப் பக்கம் போகிறது? அவருடைய ஜி.பி.எஸ்ஸில் குறித்து வைத்திருக்கும் இடங்கள் கிடைத்தால் ரொம்ப நல்லது.

உன் தம்பி,
வசந்த்


சின்னமேட்டுக்குப்பம்
18 பிப்ரவரி 2025

வசந்த்துக்கு அக்கா எழுதுவது,

எல்லாரும் உசிரோடு இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது, வாய் மட்டும் வடியவில்லை. சதுரங்கப்பட்டினத்தில் ஏலம் ஆரம்பிக்கக் காத்துக்கொண்டிருக்கும்போது ஐஸ் பெட்டி மேல் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து ஈரமாக இருந்தால் அது கண்ணீர் இல்லை, சங்கரா மீன்.

உன் மாமாவிடம் கேட்டேன். மனுஷன் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டார். “இன்னா கேக்குறான் உன் தம்பி? என் ஜி.பி.எஸ்ஸையா? சட்டையக் கேக்கச் சொல்லு, கயட்டிக் குடுக்கிறேன். படகக் கேக்கச் சொல்லு, சாவியக் குடுக்கிறேன். அத மட்டும் கேக்க வாணாம்னு சொல்லு.”

உனக்குத் தெரியாததில்லை. கடலில் வேறு படகு கண்ணில் பட்டால் அந்த ஜி.பி.எஸ் மேல் துண்டைப் போட்டு மூடுகிற ஆள். மீன் கூடும் பாறைகளை நாலு படகுக்காரர்கள் சேர்ந்து பல வருஷம் தேடிக் கண்டுபிடித்து, வெளியே சொல்வதில்லை என்று அம்மன் கோயில் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார்கள். எனக்கே கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத்தான் காட்டினார்.

முதலில் நீ ஒன்று சொல். இது நம்ம மீன் இறங்குதளத்துக்குத்தானே? பத்து வருஷமாகத் திங்கட்கிழமை தோறும் பஸ் ஏறிச் செங்கல்பட்டு கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்து வருகிறோம். போன ஐப்பசியில் அலையில் படகு கவிழ்ந்து உன் மாமாவுக்குத் தோள்பட்டை இறங்கிப்போனது. அதற்காக என்றால் நான் பேசிப் பார்க்கிறேன். இல்லையென்றால் இப்போதே சொல்லிவிடு.

நேரத்துக்குச் சாப்பிடு. காதுக்குக் குல்லா வாங்கு.

அக்கா
தேவிப்பிரியா


ராட்டர்டாம்
2 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

நலம். குல்லா வாங்கிவிட்டேன். மாமாவின் தோள் இப்போது எப்படி இருக்கிறது?

நீ கேட்டதற்குப் பதில்: ஜெட்டிதான் அக்கா. கரையிலிருந்து கடலுக்குள் பாலம் மாதிரி நீளமாகப் போகும். அலையைத் தடுக்க இரண்டு பக்கமும் கல் கொட்டிச் சுவர் எழுப்புவோம். உள்ளே தண்ணீர் குளம் போல நிற்கும். அங்கே படகு கவிழாது.

கல்சுவர் நிற்கப் பாறை அடி வேண்டும். சேற்றில் கொட்டினால் புதைந்துபோகும். அதைத் தேட ஆய்வுக் கப்பல் விட்டால் மாதக்கணக்கில் ஆகும். மாமாவுக்கு அது விரல் நுனியில் இருக்கிறது. இதை அவரிடம் சொல். நான் யாருக்கும் காட்டப்போவதில்லை, பாடத்துக்குத்தான் என்றும் சொல்.

நேற்று எங்களைக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைத்துப்போனார்கள். வெள்ளைக்காரர் ஒருவர் என் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, “உங்கள் மாமாவை இங்கே வகுப்பெடுக்க அழைத்து வந்திருக்கலாம்” என்றார். இதையும் மாமாவிடம் சொல்.

சீக்கிரம் அனுப்பு. இருபத்தைந்தாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும்.

உன் தம்பி,
வசந்த்


சின்னமேட்டுக்குப்பம்
21 மார்ச் 2025

வசந்த்துக்கு,

இங்கே சுகம், அங்கேயும் அப்படியே என்று நினைத்துக்கொள்கிறேன். வெயில் ஏறிவிட்டது. ஐஸ் நிற்பதில்லை.

உன் மாமா ஒத்துக்கொண்டார். எப்படி என்று கேட்காதே. மூன்று நாள் பேசினேன், இரண்டு நாள் பேசாமல் இருந்தேன், அந்த இரண்டு நாள்தான் வேலை செய்தது. வெள்ளைக்காரர் சொன்னதைச் சொன்னதும் கொஞ்சம் சிரித்தார். “இறங்குதளம் வந்தா நாலு படகுக்கும்தான நல்லது. அவங்க கேட்டா நான் பாத்துக்கிறேன்” என்றார். அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை.

பதினேழு இடம். தனித்தாளில் எண்ணோடு எழுதியிருக்கிறேன். அடையாளம் தெரிய அவர் வைத்த பெயரையும் பக்கத்தில் போட்டிருக்கிறேன். ஒன்றுக்கு டீக்கடை என்று பெயர், போனால் சீக்கிரம் எழுந்து வர முடியாதாம். ஒன்று ரேஷன், நின்று நின்று கால் வலிக்கும், கிடைப்பது கொஞ்சம். எல்லாவற்றிலும் பெரிய பாறைக்கு என்ன பெயர் தெரியுமா? வச்சலா. நம்ம அம்மா பெயர். “எப்போ போனாலும் திட்டும், ஆனா வயிறு ரொம்ப சோறு போடாம அனுப்பாது” என்றார். அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டவில்லை. அந்தப் பெயர்களை எங்கேயும் எழுதிவிடாதே. ஊரில் அவரைத் தவிர யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

மணல் பற்றி: பங்குனியில் தென்காற்று பிடித்தால் மணல் வடக்கே போக ஆரம்பிக்கும். புரட்டாசி வரைக்கும் போகும். ஐப்பசி, கார்த்திகையில் கொஞ்சம் திரும்பி வரும். போவது நிறைய, வருவது கொஞ்சம். தெற்கேயிருந்து புது மணல் வந்துகொண்டே இருப்பதால்தான் நம்ம கரை நிற்கிறது என்கிறார்.

பரிமாற்றம் என்று எழுதினாய். எங்கள் பக்கத்திலிருந்து போக வேண்டியது போய்விட்டது. அங்கிருந்து வர வேண்டியதைச் சீக்கிரம் அனுப்பு.

அக்கா


ராட்டர்டாம்
29 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை. எல்லாரும் சுகந்தானே?

என் திட்டத்துக்கு முதல் பரிசு. கேடயம் ஒன்று கொடுத்தார்கள். திருவேங்கடம் சார் போன் செய்து பத்து நிமிடம் பேசினார்.

எங்கள் வகுப்பில் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து வந்த அம்மா ஒருவர் இருக்கிறார். ஐம்பது வயது இருக்கும், ஒரு துறைமுகத்தில் போக்குவரத்துப் பிரிவுத் தலைவி. மற்றவர்கள் கை தட்டும்போது அவர் மட்டும் எழுந்து வந்து, என் வரைபடத்தில் ஜெட்டிக்கு வடக்கே விரலை வைத்து, “இங்கே யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டார். என் அக்கா என்றேன். அவர் போனில் ஒரு போட்டோ காட்டினார். கடல், நடுவில் ஒரு சுவர் மட்டும் நிற்கிறது. அவர் படித்த பள்ளிக்கூடமாம். எல்லாரும் சாப்பிடப் போய்விட்டோம்.

ஒரு சின்ன உதவி. நம்ம வீட்டுப் பின்வாசலிலிருந்து ஈர மணல் எத்தனை அடி என்று நடந்து எண்ணிச் சொல். சும்மாதான்.

வசந்த்


சின்னமேட்டுக்குப்பம்
6 மே 2025

மேனேஜர் தம்பிக்கு,

நாங்கள் நலம், நீ நலமில்லை என்று தெரிகிறது. முதல் பரிசு வாங்கினவன் அரைப் பக்கம்தான் எழுதுவானா? அம்மா இரண்டு தடவை படிக்கச் சொல்லிவிட்டு, “புள்ளைக்கு ஏதோ பேஜாரு” என்றாள்.

அறுபத்துநாலு அடி. என் காலால் எண்ணியது. போன வருஷம் மழைக்கு அப்புறம் ஐம்பத்தெட்டாக இருந்தது, இப்போது ஏறியிருக்கிறது. படகெல்லாம் அந்த இடத்தில்தான் ஏற்றி வைத்திருக்கிறோம், வலை காய்வதும் அங்கேதான். சும்மாதான் என்று எழுதியிருக்கிறாய். நீ சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு வந்து இப்படித்தான் சும்மா என்பாய்.

அந்த ஆப்பிரிக்க அம்மா ஏன் உனக்கு அந்த போட்டோவைக் காட்டினார்? அதை எழுதாமல் விட்டுவிட்டாய்.

ஊரில் உனக்கு நடக்கும் கூத்து: பரிசு வாங்கியது தெரிந்து, நம்ம பையன்கள் பஸ் ஸ்டாப்பில் உனக்கு ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட போட்டோ. கீழே, ‘இறங்குதளம் தந்த எங்கள் இளஞ்சிங்கமே’ என்று போட்டு, நாலு படகுக்காரர்கள் பெயரும் இருக்கிறது. உன் மாமா தினமும் அதன் கீழே நின்று பீடி பிடிக்கிறார். நான் கேட்டால் பஸ்ஸுக்கு நிற்கிறாராம். எந்த பஸ்ஸுக்கு என்று கேட்டால் இன்னொரு பீடி பற்றவைக்கிறார்.

பதில் போடு. முழுசாகப் போடு.

அக்கா


ராட்டர்டாம்
30 மே 2025

அக்கா,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். அந்த ஃப்ளெக்ஸை இறக்கச் சொல். எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குத் தகுதியாக நான் இன்னும் எதுவும் செய்யவில்லை.

இங்கே துறைமுகத்துக்குள் வேலைப் பயிற்சி தொடங்கிவிட்டது. காலை ஏழு மணிக்குப் போனால் நின்றபடியேதான் இருக்கிறேன். உட்கார்ந்தால் ஏதாவது யோசனை வருகிறது.

அம்மாவுக்கு மருந்து தவறாமல் கொடு.

வசந்த்


சின்னமேட்டுக்குப்பம்
19 ஜூலை 2025

வசந்த்துக்கு,

இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. இது மூன்றாவது. சுகம் விசாரிக்க எனக்கு மனசு வரவில்லை, நீயே வைத்துக்கொள்.

போன வெள்ளிக்கிழமை கம்பெனி ஜீப்பில் ஐந்து பேர் வந்தார்கள். கோயில் பக்கத்தில் மேஜை போட்டு, ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு, பெரிய வரைபடத்தை விரித்தார்கள். சரக்கு ஜெட்டியாம். நிலக்கரி, உரம், இரும்பு இறக்குமாம். மீன் என்ற வார்த்தையே அதில் இல்லை. படகு நிறுத்த இடம் எங்கே என்று உன் மாமா கேட்டார். “பின்னாடி பரிசீலிப்போம்” என்றார்கள்.

அப்புறம் யாரோ வரைபடத்தைக் குனிந்து பார்த்து, “இன்னாப்பா இது, வச்சலான்னு போட்டுக்கீது?” என்றார்கள். டீக்கடை, ரேஷன், எல்லாம் இருந்தது. பதினேழும் புள்ளி வைத்து, பெயரோடு, எண்ணோடு. நம்ம அம்மா பெயர் வச்சலா என்று தெரியாதவன் ஊரில் யார் இருக்கிறான்? எல்லாரும் உன் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மூன்று படகுக்காரர்களும் பார்த்தார்கள். எனக்கு அந்த மணலிலேயே புதைந்துபோகலாம் என்று இருந்தது.

மறுநாள் விடியும்போது அடுத்த ஊர்ப் படகு பத்துப் பன்னிரண்டு வச்சலா மேல் நின்றது. யாரோ வரைபடத்தைப் போனில் பிடித்து அனுப்பியிருக்கிறான். இப்போது நூறு பேரிடம் இருக்கிறது.

பஞ்சாயத்தில் உன் மாமாவை நிற்க வைத்தார்கள். யார் கேட்டுக் கொடுத்தாய் என்று கேட்டார்கள். “யாரும் கேக்கல. நான்தான் கொழுப்பெடுத்துப்போய் குடுத்தேன்” என்றார். உன் பெயரைச் சொல்லவில்லை. நான் எழுந்து சொல்ல வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மாதம் கடலுக்குப் போகக் கூடாது என்று தீர்ப்பு. ஒரு வாரமாகத் திரும்பிப் படுத்தே கிடக்கிறார். அந்த மூன்று பேரும் எங்கள் வாசல் வழியாகப் போவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

உன் ஃப்ளெக்ஸைக் கிழித்து வலைக்குப் போர்த்தியிருக்கிறார்கள்.

நீ சரக்கு ஜெட்டி என்று தெரிந்துதான் எங்களிடம் கேட்டாயா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்று எழுது. அந்த அறுபத்துநாலு அடியை எதற்கு எண்ணச் சொன்னாய் என்றும் எழுது.

தேவிப்பிரியா


ராட்டர்டாம்
2 ஆகஸ்ட் 2025

அக்கா,

ஆம். தெரிந்துதான் கேட்டேன்.

என்னை அனுப்பும்போதே திருவேங்கடம் சார் எந்தக் கரை என்று சொல்லித்தான் அனுப்பினார். இறங்குதளத்தையும் ஓரத்தில் சேர்த்துவிடலாம் என்று நினைத்தேன். முதலில் நிஜமாகவே நினைத்தேன். பிறகு நீ கேட்கக் கேட்க, அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். பெயர்கள் வந்தது என் கவனக்குறைவு. புள்ளிகளைப் பிரித்து அடையாளம் காணக் கணினியில் பெயரோடு ஏற்றினேன். கம்பெனிக்கு அனுப்பும்போது அழிக்க மறந்துவிட்டேன். அச்சில் தானாக வந்துவிட்டது. மறந்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

இனி மற்றது. கல்சுவர் குறுக்கே வந்தால் தெற்கேயிருந்து வரும் மணல் அங்கேயே தங்கிவிடும். வடக்கே வராது. மாமா சொன்ன மணல் கணக்கை வைத்து நான் மார்ச் மாதமே போட்டுப் பார்த்தேன். ஜெட்டி கட்டினால் மூன்று வருஷத்தில் நம்ம கரையில் படகு ஏற்ற மணல் இருக்காது. ஏழு வருஷத்தில் தண்ணீர் நம்ம பின்வாசலுக்கு வரும். அந்தக் கணக்கைச் சரிபார்க்கத்தான் உன்னை அடி எண்ணச் சொன்னேன். இங்கே கொடுத்த அறிக்கையில் இது முப்பத்தொன்றாம் பக்கம். திருவேங்கடம் சார், “வகுப்புக்கு இருக்கட்டும். அரசாங்கத்துக்குக் கொடுப்பதில் வேண்டாம்” என்றார். நான்தான் அந்தப் பக்கத்தை எடுத்தேன். யாரும் என் கையைப் பிடித்து எடுக்க வைக்கவில்லை.

இதை யாரிடமும் காட்டாதே அக்கா. நான் வந்து ஏதாவது செய்கிறேன். வடக்கே கல் கொட்டச் சொல்லிப் பார்க்கிறேன். செங்கல்பட்டில் வீடு எடுத்து உங்கள் மூன்று பேரையும் வைத்துக்கொள்கிறேன். மாமாவிடம் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை.

வசந்த்


சின்னமேட்டுக்குப்பம்
9 ஆகஸ்ட் 2025

வசந்த்துக்கு,

படித்தேன். மூன்று தடவை. உன் மாமாவுக்கும் படித்துக் காட்டினேன். காட்டாதே என்று நீ சொன்னதால்தான் காட்டினேன்.

செங்கல்பட்டு வீட்டை நீயே வைத்துக்கொள். அங்கே ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து நான் யாருக்கு மீன் விற்பது? உன் மாமா மாடியில் துண்டு விரித்து வலை போடுவாரா? ஊரில் நூற்றிருபது வீடு இருக்கிறது. எல்லாருக்கும் வீடு எடுப்பாயா?

செப்டம்பர் பதினாறு, கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். அதிகாரிகள் வருகிறார்கள். மூன்று வருஷம், ஏழு வருஷம் என்று நான் எழுந்து சொன்னால், மீன்காரி கத்துகிறாள் என்பார்கள். மறுபடியும் மனு வாங்கி மேஜைக்கடியில் வைப்பார்கள். வரைபடம் போட்டவன் வாயிலிருந்து வந்தால்தான் எழுதிக்கொள்வார்கள். நீ வந்து சொல்ல வேண்டும். உன் வேலை போகும். மேனேஜர் பதவி போகும். தெரிந்துதான் கேட்கிறேன், நீ எங்களிடம் தெரிந்து கேட்ட மாதிரி.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். வா.

தேவிப்பிரியா


செங்கல்பட்டு
12 செப்டம்பர் 2025

அக்கா,

பதில் வேண்டாம் என்றாய், இருந்தாலும் எழுதுகிறேன். ஊருக்குத் திரும்பி மூன்று வாரமாகிறது. அம்மாவைப் பார்க்க வரவில்லை. இரண்டு முறை பஸ் ஏறி, சதுரங்கப்பட்டினம் வரை வந்து, இறங்கி, அதே பஸ்ஸில் திரும்பிவிட்டேன். நடத்துநருக்கே என் முகம் பழகிவிட்டது.

கூட்டத்தில் என்னைக் கம்பெனி மேடையில் உட்கார வைக்கிறார்கள். வரைபடத்தை விளக்க வேண்டியது நான்தான். முப்பத்தொன்றாம் பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். எடுப்பேனா என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. காலையில் எடுப்பேன் என்று தோன்றுகிறது. மத்தியானம் திருவேங்கடம் சார் தோளில் கை போட்டுப் பேசினால் தோன்றுவதில்லை.

அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

வசந்த்


சின்னமேட்டுக்குப்பம்
20 செப்டம்பர் 2025

தம்பி வசந்த்துக்கு,

எப்படி இருக்கிறாய்? சாப்பிடுகிறாயா? அறையில் தனியாக இருக்கிறாயா, யாராவது கூட இருக்கிறார்களா? அம்மா நன்றாக இருக்கிறாள், காலையிலிருந்து உன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்றைக்கு நீ மேடையில் இருந்ததால் கீழே நடந்தது உனக்குத் தெரியாது. நீ வரைபடத்தில் குச்சியை வைத்து அரை மணி நேரம் விளக்கினாயே, முப்பத்தொன்றாம் பக்கம் வரவே இல்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு இனி தம்பி இல்லை என்று முடிவுகூடச் செய்துவிட்டேன். அப்போதுதான் உன் மாமா எழுந்தார். எழுந்திருப்பார் என்று எனக்கே தெரியாது.

“சார், ஒரே கேள்வி. நீங்க இத கட்டினா எங்க கரை எத்தினி வருசம் இருக்கும் சார்?”

திருவேங்கடம் மைக்கைப் பிடிக்கக் கையை நீட்டினார். நீ கொடுக்கவில்லை. “படகு ஏத்த மூணு வருஷம். வீட்டுக்கு ஏழு” என்றாய். அப்புறம் பையிலிருந்து தாளை எடுத்து அதிகாரி முன்னால் வைத்தாய். அதற்கப்புறம் கூச்சல், நாற்காலி விழுந்தது, உன்னைப் பக்கவாசல் வழியாகக் கூட்டிப்போய்விட்டார்கள்.

அதிகாரிகள் அந்தப் பக்கத்தைப் பதிவில் சேர்த்துக்கொண்டார்கள். முழு ஆய்வு திரும்ப நடக்கும் வரை எதுவும் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஜெயித்துவிட்டோம் என்று சொல்லவில்லை. திரும்ப வருவார்கள். ஆனால் இனி அந்தக் கேள்வியைத் தாண்டித்தான் வர வேண்டும்.

உன் வேலை போனது மறுநாள் பேப்பர் வருவதற்கு முன்பே இங்கே தெரிந்துவிட்டது. எனக்குச் சந்தோஷமில்லை. சோறு இறங்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. நேற்றுமுன்தினம் பஞ்சாயத்து கூடியது. உன் மாமா மறைத்தும் பிரயோஜனமில்லை, யார் கேட்டு வாங்கியது என்பது மண்டபத்திலேயே ஊருக்குத் தெரிந்துபோனது. நீ உண்மையைச் சொன்னது வேறு, பாறைகளைக் காட்டிக்கொடுத்தது வேறு என்றார்கள். ஒரு வருஷம் நீ ஊருக்குள் வரக் கூடாது. நான் எதிர்த்துப் பேசினேன், எடுபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நானும் அம்மாவும் சதுரங்கப்பட்டினம் பஸ் ஸ்டாண்டுக்குச் சாப்பாடு கொண்டுவருகிறோம். இந்தத் தடவை இறங்கின பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விடாதே.

கீழே உன் மாமா எழுதுகிறார். அவர் எழுதியதைத் திருத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

அக்கா

மச்சான், உங்கக்கா பேனாவக் குடுத்துட்டு எதிர்லயே குந்திகினு கீறா. சார்னு கூப்ட்டது உன்ன அசிங்கப்படுத்த இல்ல. மேடைல இருந்தது கம்பெனி ஆளு, கம்பெனி ஆளாண்டதான் அத்த கேக்கணும். மச்சான்னு கூப்ட்டிருந்தா அத்த கேக்காமலே குந்தியிருப்பேன்.

பஞ்சாயத்துல ஒரு வருசம்னு சொல்லி மொதல்ல கை தூக்கினது நான்தான். அவங்க அஞ்சு வருசம் பேசிகினு இருந்தாங்க. நான் முந்திகினேன். உங்கக்காவுக்கு இது இப்பத்தான் தெரியும், மொறைக்கிறா.

கோபம் போவல. போனா சொல்றேன். அடுத்த வருசம் செப்டம்பர் பத்தொம்போது, மொத பஸ்ஸுல வா. நான் ஸ்டாப்பாண்ட நிப்பேன்.

கங்காதரன்